மாவ்ஷி பிரித்துக் கொடுத்த நாள்

மாவ்ஷி ஒரு நாளும் தேதி சொன்னதில்லை. பத்தாம் தேதி வருகிறேன், இருபதாம் தேதி தருகிறேன் என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. "பஞ்சமிக்கு வாரேன், நல்ல இறால் கிடைக்கும்" என்பாள். பஞ்சமிக்கு வருவாள். இறாலும் இருக்கும்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவோடு கூடப் பிறந்தவளை மராட்டிக்காரர்கள் மாவ்ஷி என்பார்கள். தாராவியில் எங்கள் சந்தில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். கோலிவாடா என்று மீன்பிடிக்கிறவர்கள் குடியிருப்பு ஒன்று உண்டு. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அங்கிருந்து வருவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகள். எங்களுக்கு மீன் விற்று விற்றே எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் இந்தி விழும், மராட்டி விழும், அவள் நிறுத்த மாட்டாள். அப்போது நான் இட்லி அவித்து விற்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு அவள் வைத்த பெயர் இட்லிக்காரி.

தலைக்கூடையை இறக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் என்னுடையதாக இருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போடுவாள். அப்போதுதான் பேச்சு வரும்.

ஆவணி வாக்கில் வரும் பௌர்ணமிக்குக் கோலிக்காரர்கள் கடலில் தேங்காய் விடுவார்கள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"மழைக்காலத்துல மீனு முட்டை போடும். அப்ப வலை வீசினா அடுத்த வருஷம் சட்டி காலி. அதுக்காகப் பெரியவங்க ரெண்டு மாசம் கடலைப் பூட்டி வச்சாங்க. பௌர்ணமிக்குத் தேங்காய் விட்டுப் பூட்டைத் திறக்காங்க. அம்புட்டுதான்."

"அப்ப சாமி?"

"சாமி பெறகு வந்து உக்காந்துச்சு. வேலைதான் முதல்ல வந்தது."

எந்தப் பண்டிகையைக் கேட்டாலும் அவளிடம் இப்படி ஒரு வேலை இருக்கும். ஹோலி என்றால் குளிர் செத்த நாள், சருகைக் கூட்டி எரிக்கிறது. நம்முடைய பொங்கலும் அவர்களுடைய சங்கராந்தியும் ஒரே நாள், சூரியன் வடக்கே திரும்புகிற நாள். அதிலும் அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. மீன் எடுக்கப் போகிற துறைமுகத்தில் ஒரு சுவரின் நிழலைப் பார்த்து வைத்திருந்தாள்.

"சூரியன் திரும்பி மூணு வாரம் ஆச்சு. நீங்க இப்பதான் பானை வைக்கீங்க. அது பாதி தூரம் போயிரும், நீங்க பின்னாடி கரும்பைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க!"

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர், பேப்பர் படிப்பவர். மாவ்ஷி அவரைப் பாவு என்பாள், மராட்டியில் அண்ணன். "பெரியவங்க தப்பாவா வச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

"பெரியவங்க சரியாத்தான் வச்சாங்க பாவு. அவங்க வச்ச பெறகு வானம் கொஞ்சம் நகர்ந்துட்டு. போய்ப் பாக்கத்தான் யாருமில்ல."

பிற்பாடு படித்தவர்கள் யாரோ அதையே சொன்னபோது அவர் தலையாட்டினார். மாவ்ஷி சொன்னபோது ஆட்டவில்லை.

இதையெல்லாம் அவளுடைய கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நாளை அவள் தந்தாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எனக்கு இரண்டு பையன்களுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். ஒன்பதாம் நாள் பொங்கல். அன்று விடியும்போது பால் குடிக்க வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு துண்டில் சுற்றி சயானுக்குக் கொண்டுபோனார், அங்கே சின்னப் பிள்ளைகளைப் புதைக்க இடம் உண்டு. எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் போவதில்லை. பெயர் இன்னும் வைத்திருக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் ஒன்று இருக்கிறது. பண்டிகை நாளில் வீட்டில் சாவு விழுந்தால் அந்தப் பண்டிகை அந்த வீட்டுக்கு இல்லை. பிறகு எப்போதாவது அதே பண்டிகையில் ஒரு பிள்ளையோ ஒரு கன்றுக்குட்டியோ பிறந்தால்தான் அது திரும்பி வரும். மறு வருஷம் பொங்கல் வந்தபோது நான் பானையை எடுக்கவில்லை. என் மாமியார் வந்து நின்றாள்.

"ஏட்டி, என்ன அடுப்பு அப்படியே கிடக்கு?"

"நமக்குப் பொங்கல் இல்லல்லா அத்தை."

"எவ சொன்னா? பல்லு முளைக்காத பிள்ளைக்குத் தீட்டும் கிடையாது, திதியும் கிடையாது. அது கணக்குல சேராது. எந்திச்சுப் பானையை வை."

அவள் பொய் சொல்லவில்லை. வழக்கம் அதுதான். ஆனால் கணக்கில் சேராது என்றுவிட்டாள். ஒன்பது நாள் என் மடியில் கிடந்தவள், விரலைப் பிடித்தால் விடாதவள், கணக்கில் இல்லை. எனக்குப் பொங்கல் வேண்டாம் என்பதில்லை. அவளுக்காக ஒன்று நின்றுபோக வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பண்டிகையாவது நிற்க வேண்டும். நிற்கவில்லை. நான் பானை வைத்தேன். பால் பொங்கியபோது வீட்டில் எல்லாரும் குலவையிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மாவ்ஷி வந்தாள். கூடை இல்லை. சங்கராந்திக்கு அவர்கள் எள்ளும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். என் கையில் ஒன்றை வைத்தாள். நான் அதைக் கீழே போட்டுவிட்டேன். வேண்டுமென்றே போட்டேன்.

அவள் குனிந்து எடுத்து, ஊதி, தன் வாயில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். "சொல்லு" என்றாள். சொன்னேன். என் பிள்ளை செத்த நாளில் நான் பொங்கல் பொங்குகிறேன், இனி வருஷா வருஷம் பொங்கப்போகிறேன் என்றேன்.

அவள் விரல் கணுக்களை எண்ண ஆரம்பித்தாள்.

"போன வருஷம் அன்னிக்கு எங்க படகு, கடல் ஏறித் தண்ணி நிறையட்டும்னு கரையில நின்னுச்சு. ஒன்பது மணிக்கு நிறைஞ்சது. அதை அனுப்பிட்டு இங்க வாரேன், உன் வீட்டுக்காரன் துண்டுல சுத்தி எடுத்துட்டு எதிர்ல போறான். ஒன்பது மணி. நல்லா ஞாபகம் இருக்கு."

"அதுக்கு என்ன?"

"அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பன்னெண்டு மணிக்குத் தண்ணி நிறையும். அங்கேருந்து ஒரு திதிக்கு முக்கால் மணி தள்ளிப் போவும். ஒன்பது மணிக்கு நிறைஞ்சா பன்னெண்டாவது திதி. நிலா வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு. எங்க கணக்குல பௌஷ மாசம், வளர்பிறை, துவாதசி." என் முழங்காலைத் தட்டினாள். "உன் பொண்ணு சங்கராந்தியில சாவல இட்லிக்காரி. சங்கராந்தி சூரியனோட நாள். செத்தவங்க எல்லாம் சந்திரன் கணக்கு. அன்னிக்கு ரெண்டும் ஒரே வாசல்ல முட்டிக்கிச்சு, அவ்வளவுதான். இந்த வருஷம் துவாதசி போயே போயிட்டு, பத்து நாளைக்கு முன்னாடி. நீ அழ வேண்டிய நாள் அது. இன்னிக்குப் பொங்கு."

என் மாமியார் உள்ளேயிருந்து, "மீன்காரியா நமக்குப் பஞ்சாங்கம் பாக்கா?" என்றாள்.

"பஞ்சாங்கம் பாக்கறவன் தாளைப் பாக்கான் ஆச்சி. நான் தண்ணியைப் பாக்கேன்."

எனக்கு அந்தக் கணக்கு பாதிதான் புரிந்தது. ஆனால் ஒன்று முழுதாகப் புரிந்தது. என் பெண்ணுக்கு ஒரு நாள் இருக்கிறது. யாருடைய பண்டிகைக்கும் அடியில் நசுங்காத, அவளுக்கே அவளுக்கான நாள்.

அடுத்த வருஷத்திலிருந்து மாவ்ஷி முந்தின நாளே வந்து, "நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஒரு சொல்தான். மறுநாள் என் வாசலில் மீன் கூவ மாட்டாள். நான் என்ன செய்ய வேண்டும் என்றும் அவளே சொன்னாள். பால் குடித்துவிட்டுப் போன பிள்ளை, யாராவது ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் கொடு. கொடுத்தேன். என் மாமியார் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஒரு வருஷம் அவளே பாலைக் காய்ச்சி வைத்திருந்தாள்.

அந்த நாள் ஓரிடத்தில் நிற்காது. ஒரு வருஷம் பொங்கலுக்கு முன்னால் வரும், ஒரு வருஷம் தை பாதியில் வரும். ஏன் இப்படி அலைகிறது என்று கேட்டேன். பன்னிரண்டு நிலா சேர்ந்தாலும் ஒரு வருஷத்துக்குப் பதினோரு நாள் குறையும் என்றாள்.

"முஸ்லிம் ஆளுங்க சந்திரனை அவுத்து விட்டுட்டாங்க. அது இஷ்டத்துக்கு மேயும். அதான் ரம்ஜான் வெயில்லயும் வருது மழையிலயும் வருது. நாங்க மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாசத்தைக் கூடச் சேர்த்துப் பிடிச்சுக் கட்டிருவோம். ஆடு ஒண்ணுதான். கயிறு வேற."

எல்லார் நாளும் அவள் தலைக்குள் இருந்தது. அவள் நாள் மட்டும் அவளிடமிருந்து போயிற்று. ஏதோ ஒரு கார்டு எடுக்கப் போனபோது பிறந்த தேதி கேட்டார்கள். "ஹோலிக்கு மூணாம் நாள், பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்றாளாம். எழுதுகிறவர் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவளுக்கும் ஜனவரி ஒன்று. அதற்கடுத்தவளுக்கும் அதுதான். "ஊர்ல பாதிப் பேரை ஒரே நாள்ல பெத்துப் போட்டுட்டான்" என்று சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்த ஜனவரி ஒன்றுக்கு அவள் மகன் கேக் வாங்கி வந்து வெட்டச் சொன்னபோது சிரிக்கவில்லை. "எவளோட பொறந்தநாளோ, நான் திங்கேன்" என்றாள் என்னிடம்.

என் பெண் போன பத்தொன்பதாம் வருஷம் என் மூத்தவனுக்குக் கல்யாணம் முடிந்து மருமகளுக்குத் தலைப்பொங்கல். வடாலாவிலிருந்து சம்பந்தி வீட்டார் பொங்கல்படி கொண்டுவந்திருந்தார்கள். வெண்கலப் பானை, அரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு. என் வாசலில் அப்படி ஒரு நிறைவு அதற்கு முன்னால் இருந்ததில்லை. சம்பந்தியம்மாவை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

மாவ்ஷி கூடையோடு வந்தாள். நான் போய்க் கை கொடுத்து இறக்கினேன். அவள் எப்போதும்போல வெற்றிலையை எடுக்கவில்லை.

"இட்லிக்காரி, நாலு நாளா எப்படிச் சொல்லன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு ஒருக்கா சூரியனும் சந்திரனும் புறப்பட்ட இடத்துக்கே வந்துரும். இந்த வருஷம் துவாதசியும் சங்கராந்தியும் ஒரே நாள். பானை வைக்க முன்னாடி பிள்ளைக்குப் பாலைக் கொடுத்துரு."

சம்பந்தியம்மா காப்பியைக் கீழே வைத்தாள். "எந்தப் பிள்ளைக்கு மதினி? என்ன நாளு?"

தலைப்பொங்கல். செத்த பிள்ளை. அந்த அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். என் மருமகள் கதவோரத்தில் நிற்கிறாள். எனக்கு என் வாசலின் நிறைவு பெரிதாகப் போயிற்று. இத்தனை வருஷமாக மாவ்ஷியை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன். அன்று அதுவும் போயிற்று.

"எனக்கு அப்படி ஒரு பிள்ளையும் கிடையாது, நாளும் கிடையாது. மீன் விக்க வந்தா மீனை வித்துட்டுப் போ. மீன்காரி எனக்குப் பஞ்சாங்கம் சொல்ல வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கோலிக்காரி வாயைத் திறந்தால் சந்து தாங்காது. கூடையைத் தானே தூக்கினாள். ஒரு பக்கம் சாய்ந்து இரண்டு மீன் தரையில் விழுந்தது. எடுக்காமல் நடந்தாள். நான் கை கொடுக்கவில்லை.

அந்தப் பொங்கல் நன்றாக நடந்தது. நான் குலவையிட்டேன். பால் யாருக்கும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எங்கள் சந்துக்கு வரவில்லை. மறு வருஷம் மார்கழி முடிகிற சமயத்தில் தினமும் வாசலைப் பார்த்தேன். "நாளைக்கு" என்று சொல்ல யாரும் வரவில்லை. கிழிக்கிற காலண்டரில் துவாதசி மாதம் இரண்டு வருகிறது. பௌஷ மாதம் என்று நம் காலண்டரில் ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அதில் என் பெண்ணைத் தேடி எடுக்கத் தெரியவில்லை. பத்து நிமிஷம் நடந்து போய்க் கேட்டிருக்கலாம். என் கால் போகவில்லை. தப்பு என்னுடையது என்று தெரியும். தெரிந்தும் அவளே வரட்டும் என்று இருந்தேன். ஒரு தடவை மார்க்கெட்டில் எதிரே வந்தாள், மெலிந்திருந்தாள். நான் வெங்காயம் பொறுக்குகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தாள். இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

அவள் செத்துப்போன சேதி ஒரு மழை நாளில் வந்தது. அன்று மட்டும் கால் போயிற்று. எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். அவள் சின்ன மருமகள்தான் என்னோடு பேசினாள். கல்யாணமாகி வந்து பத்துப் பதினோரு வருஷம் ஆனவள், என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை. இந்தியில்தான் பேசிக்கொண்டோம்.

"நீங்க அவங்களுக்கு ரொம்பப் பழக்கமா ஆயி?"

"மீன் வாங்குவேன்" என்றேன்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வருஷா வருஷம் பௌஷ துவாதசிக்கு சந்துல ஏதாவது ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் பால் கொடுப்பாங்க. போன வருஷம் எழுந்திருக்க முடியாமக் கிடந்தப்பகூட என்னைக் கொடுக்கச் சொன்னாங்க. யாருக்குன்னு கேட்டா 'ஒரு பொண்ணு'ம்பாங்க. அவங்களுக்குப் பெண் குழந்தை எதாவது பிறந்து செத்துப்போச்சா?"

நான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் அவர்கள் வீட்டுப் பொம்பளைகள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

இரண்டாம் தடவையும் சொன்னேன். பெற்ற நான் அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருந்தபோது, அந்தப் பன்னிரண்டு வருஷமும் மாவ்ஷி அந்தப் பாலை விடாமல் கொடுத்திருக்கிறாள். அதைக் கேட்ட பிறகும் என் நாக்கு அப்படித்தான் புரண்டது.

இப்போது நாள் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. என் பேத்தி போனில் தட்டினால் திதி, மாதம் எல்லாம் வந்துவிடுகிறது. பௌஷ துவாதசி எப்போது என்று அவள்தான் பார்த்துச் சொல்கிறாள். நானே பால் கொடுக்கிறேன். மூன்று நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது பத்தொன்பதும் வந்து, திரும்பவும் பொங்கலோடு சேர்ந்தது. அன்று விடியும் முன்னே என் மருமகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும் அத்தை" என்றாள். "கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்." அவளே பாலை ஊற்றித் தந்தாள்.

மாவ்ஷி செத்த நாளின் திதியையும் பேத்தியைப் பார்க்கச் சொன்னேன். ஆஷாட மாதம், தேய்பிறை பஞ்சமி. மாவ்ஷியின் பிள்ளைகள் இங்கிலீஷ் தேதிக்குப் படத்துக்கு மாலை போடுகிறார்கள். நான் பஞ்சமிக்குப் போகிறேன். சின்ன மருமகள் ஒவ்வொரு வருஷமும், "அது போன வாரமே முடிஞ்சுதே ஆயி" என்பாள், அல்லது, "இன்னும் பத்து நாள் இருக்கே" என்பாள். ஆனாலும் நாற்காலி போட்டு டீ கொடுப்பாள். நான் படத்துக்கு எதிரே உட்கார்ந்து குடித்துவிட்டு வருவேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே இத்தனை வருஷம் வந்துகொண்டிருந்தேன்.

இந்த வருஷம் போனபோது மழை விடவில்லை. வீட்டில் சின்ன மருமகள் மட்டும்தான் இருந்தாள், பொம்பில் மீன் கருவாட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பால் இருக்குல்ல" என்றேன். "உங்க மாமியா கொடுத்தது. அது என் பிள்ளைக்கு."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் பொறந்த பொண்ணு. ஒன்பது நாள் இருந்தா. அப்படி ஒரு பிள்ளையே இல்லைன்னு நான் சொல்லிட்டேன். அவங்க சொல்லல."

கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இருந்திருந்தா என் வயசு இருக்குமா?"

"இருக்கும்" என்றேன்.